அவள் பேரில் ஒரு ஓட்டை

நாகலெட்சுமிக்குச் சால்வை போர்த்தியதும் எல்லாரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த முருகேஸ்வரிக்கு மட்டும் வயிறு பற்றி எரிந்தது.

எரியாதா பின்னே? பரமக்குடி கம்ப்யூட்டர் சென்டரில் ரெண்டு பேருமே டீச்சர்கள். ரகசியத் தகவலைப் பூட்டி அனுப்ப, உலகமே இலவசமாக எடுத்துக்கொள்ளும் ஒரு சாஃப்ட்வேர். அதற்கு ரெண்டு பேரும் பாதிப் பாதியாகத்தான் புரோகிராம் எழுதினார்கள். நாகலெட்சுமியின் ஈமெயிலில் அனுப்பியதால் மொத்தமும் அவள் பேரில் ஏறிவிட்டது!

இப்போது அதிலேயே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்தாளாம். பேப்பரில் போட்டோ வேறு. இனி சென்டரின் ஹெட் பதவியும் அவளுக்குத்தானாம். அந்த நாற்காலிக்காக முருகேஸ்வரி எத்தனை வருஷமாகக் காத்துக் கிடக்கிறாள்!

ஓனர் அப்துல் ஹமீது மைக்கை நீட்டினார். "மாஷா அல்லாஹ்! அது என்ன ஓட்டைன்னு எங்களுக்கும் வெளங்குற மாதிரி சொல்லும்மா."

"ஒருத்தன் ஒரே எழுத்தை அனுப்பிட்டு, 'ஆயிரம் எழுத்து அனுப்புனேன், திருப்பித் தா'ன்னு பொய் சொல்றான்னு வைங்க. கம்ப்யூட்டர் எண்ணிப் பாக்காம, மெமரியில பக்கத்துல கெடக்குற அடுத்தவுக பாஸ்வேர்டையும் சேத்து அள்ளிக் குடுத்துரும் சார்."

"அடேயப்பா!"

முருகேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று மேடையேறினாள்.

"ஓட்டையைப் போட்டது யாருன்னு கேளுங்க சார்! எல்லாப் புரோகிராமும் இவ பேர்லதான இருக்கு?"

நாகலெட்சுமி ஒரு நிமிஷம் முருகேஸ்வரியையே பார்த்தாள்.

"நான்தான் சார்."

ஹமீதுக்கு முகம் சுருங்கிப்போனது. "போட்டவளும் நீ, அடைச்சவளும் நீயா? இதுக்கா நான் சால்வை போத்துனேன்? ஹெட் பதவியை முருகேஸ்வரியே பாக்கட்டும்."

விருட்டென்று இறங்கிப் போய்விட்டார்.

முருகேஸ்வரிக்குக் கால் தரையில் பாவவில்லை. இருந்தாலும் ஆசை அடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் குத்திப் பார்க்கவேண்டும்போல் இருந்தது.

"இம்புட்டுப் படிச்சும் எந்த எடத்துலடி கோட்டை விட்ட?"

நாகலெட்சுமி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா. நீங்க எழுதிக் குடுத்த பகுதியிலதான். அது என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்."