நூற்றிருபதாவது கட்டம்

அந்த வட்டாரத்திலிருந்து போருக்குப் போய் மாண்டவர்கள் நூற்றுப் பத்தொன்பது பேர். நினைவுச் சுவரில் கட்டங்களோ நூற்றிருபது. வரிசைக்குப் பத்தாக இருந்தால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று வரைபடம் போட்ட பொறியாளர் சொல்லிவிட்டார்.

அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து தேசம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய ஒரே மகன் எல்லையில் காவலுக்கு நின்றுகொண்டிருந்தான். கட்டம் அவனுக்காகவே வாயைத் திறந்து வைத்திருப்பதாக அவளுக்குப் பட்டது.

“ஏகாம்பரம், அதுல எம் பேரை வெட்டிடு,” என்றாள் கல்தச்சரிடம்.

“சண்டை போட்டவங்க பேரைத்தான் வெட்டணும், யக்கா.”

“நான் போட்ட சண்டைய உங்க மாமாவக் கேட்டுப் பாரு.”

அவள் புருஷனான அந்த மாமா ரெண்டு தெரு தள்ளி நின்றபடியே பலமாகத் தலையாட்டியதால், ஏகாம்பரம் வெட்டிவிட்டார்.

திறப்பு விழாவில் ராணுவ அதிகாரி பெயர்களை விறுவிறுவென்று வாசித்துக்கொண்டே வந்து, கடைசியாக, “தேசம்மாள்” என்றார்.

“உள்ளேன் ஐயா!” என்று அவள் கூட்டத்திலிருந்து எழுந்து நின்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.  அதிகாரி தாளைப் புரட்டி முதல் பெயரை மறுபடியும் வாசித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.