திருப்பி ஒட்டிய கண்ணாடி

“அக்கா, இத யாரு ஒட்டினது?”

தம்பி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எப்போதோ உலர்ந்துவிட்ட கை.

அவன் பார்த்துக்கொண்டிருந்தது நக அகலத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகளை. நடுவே, தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில், புதிய திரவப் படிகம். தண்ணீர்போல ஓடும். ஆனால் அதன் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கும். ஒரு கடிகார பேட்டரி போதும், அத்தனையும் சேர்ந்து புரண்டு படுக்கும்.

எந்தப் பக்கம் தலைவைப்பது என்று அவற்றுக்குச் சொல்வது கண்ணாடிதான். வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்த்து, மேல் தகடும் கீழ்த் தகடும் அந்தத் திசை மாறாமல் ஒட்ட வேண்டும். பழைய திரவங்களுக்கு, மேல் தகட்டை முன்பின்னாகத் திருப்பி ஒட்டினாலும் ஒன்றும் ஆகாது.

இதற்கு ஆகும். ஆய்வகத்திலேயே அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

போன மாதம் கைதவறி ஒன்றைத் திருப்பி ஒட்டிவிட்டாள். சூடாக இருந்தவரை சமர்த்தாக இருந்தது. ஆறியதும் உள்ளே எல்லாம் முறுக்கிக்கொண்டு, திட்டுத்திட்டாக நிறம் மாறிப்போனது. யாராவது பார்த்துத் தொலைக்கப்போகிறார்கள் என்று தொட்டியில் போட்டுக் கழுவிவிட்டாள்.

நேற்றும் ஒன்றைத் திருப்பி ஒட்டினாள். கை தவறவில்லை.

ஒன்பது வருடமாகக் கண்ணாடி தேய்க்கிறவள் அவள். இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று தம்பிக்குச் சொன்னதே அவள்தான். வந்து இரண்டே வருடத்தில் ஜன்னலோர மேசை அவனுக்கு. வெளியூர்க் கூட்டங்களில் பேசுவது அவன்.

“தம்பி பேரு பேப்பர்ல வந்திருக்குடி. உன் பேரு எப்ப வரும்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவன் தட்டில் இன்னொரு கரண்டி போடுவாள் அம்மா.

வயிறு எரியும். அப்படி எரிவது அவளுக்கே அசிங்கமாக இருக்கும். ஆனாலும் எரியும்.

பதினொரு மணிக்கு ஆய்வக இயக்குநர் பார்க்க வருகிறார். ஒரே ஒரு தடவை அவர் முன்னால் அவன் முகம் தொங்கிப்போனால் போதும்.

தொங்கவில்லை. அவன் தகட்டைச் சூடாக்கினான், ஆறவிட்டான், மறுபடியும் சூடாக்கினான்.

“சொல்லுக்கா, நீயா?”

குரல் நடுங்கியது. கோபம் என்று நினைத்தாள்.

“எனக்கென்ன தெரியும்? நேத்து நான் அதத் தொடவேயில்ல.”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு நோட்டின் மேல்வரியில் தன் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, கீழே மளமளவென்று எழுத ஆரம்பித்தான்.

அந்தத் திட்டுகள் அவனைப் பெரிய ஆளாக்கின. இந்தத் திரவத்துக்குத் தலை எது, கால் எது என்று கண்ணாடிக்குத் தெரிகிறது என்பதுதான் கட்டுரை. அவன் பெயர் மட்டும் போட்டு வந்தது. எல்லோரும் படித்தார்கள். அவள் படிக்கவில்லை. “உன் தம்பியாமே” என்று யாராவது கேட்டால் சிரித்துவைப்பாள்.

அடுத்த வருடம் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

ஜன்னலோர மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். அன்றுதான், நின்றபடியே, கட்டுரையைக் கடைசிவரை படித்தாள்.

கடைசி வரி இப்படி இருந்தது: ‘மேல் கண்ணாடியைத் திருப்பி ஒட்டிய, பெயர் தெரியாத கைக்கு நன்றி.’

கண்ணாடி ஒட்டும் அறைக்கு இரண்டே சாவிகள். ஒன்று அவனிடம் இருந்தது.