பறிகொடுக்காத கையேடு

பெயர்ப்பலகை இல்லாத வேன் ஒன்று தெருமுனையில் வந்து நின்றதும் தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டாள். இறங்கிய ஆள் நிலைக்கதவு உயரம் இருந்தான். புருவத்துக்கு மேல் பழைய வெட்டுத் தழும்பு. முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

முதல் வீட்டுக் கதவை உடைத்துவிடுவதுபோல் தட்டினான்.

"வீட்ல யாரு? போன வாரம் ஒரு கையேடு வந்திருக்குமே, அதை எடுத்துட்டு வாங்க. அப்படியே ஓட்டர் கார்டையும் கொண்டாங்க!"

தையல்காரிக்குச் சந்தேகம் தட்டியது. அவளுக்கு மட்டுமா, ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்த தெரு முழுவதற்கும்தான்.

தெருவுக்குப் பின்னால் கிடக்கும் காலி நிலத்தில் குப்பை எரிக்கும் ஆலை வரப்போவதாகப் பேச்சு. வேண்டுமா வேண்டாமா என்று சுற்றுவட்டார ஜனங்களையே கேட்டுவிடலாம் என்று அரசாங்கம் வாக்கெடுப்பு வைத்திருந்தது. கட்சி இல்லை, கூட்டம் இல்லை, மைக் இல்லை. என்றைக்கு, எங்கே, எப்படி என்பதெல்லாம் வீடு தேடி வரும் வாக்காளர் கையேட்டில் மட்டும்தான்.

தெருவில் யாராவது நாலு சருகைக் கொளுத்தினாலே தையல்காரியின் மகளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். ஆலையே வந்துவிட்டால் அந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

கையேடு கொண்டுவந்த பெண்ணோ தங்கமானவள். மடிப்புக் கலையாத உடுப்பு, கழுத்தில் அடையாள அட்டை, வாய் நிறைய அக்கா. "இதுல போட்டிருக்கிற மாதிரி வெள்ளிக்கிழமை காலைல பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்கக்கா. கையேடு வாங்க கார்டு எதுக்கு, கையெழுத்து எதுக்கு? உங்களைப் பாத்தா தெரியாதா?" என்று இனிக்க இனிக்கப் பேசிவிட்டுப் போனாள். பூட்டியிருந்த வீடுகளின் கையேட்டைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். இப்படி ஒருத்தி எல்லா ஆபீசிலும் இருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

இவனோ வந்ததும் வராததுமாகக் கார்டில் கை வைக்கிறான். போன தேர்தலில் ஒருவன் இப்படித்தான் சரிபார்க்க வேண்டும் என்று தெருக் கார்டுகளை எல்லாம் வாங்கிப் போனான். ஓட்டுப்பதிவு முடிந்த பிறகு பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான்!

தையல்காரி கையிலிருந்த கத்தரிக்கோலோடு நடுத்தெருவுக்கு ஓடினாள்.

"யாரும் எதையும் குடுக்காதீங்க! இவன் ஆலைக்காரன் ஆளு!"

"ஏம்மா, நான் சொல்றதை முழுசாக் கேளு..."

"என்னத்தைக் கேக்கறது? கையேட்டைப் பிடுங்கிட்டா எங்களுக்கு விவரம் தெரியாது, கார்டைப் பிடுங்கிட்டா ஓட்டே கிடையாது. அதானே உங்க கணக்கு?"

"பாத்துட்டுத் திருப்பித் தரப் போறேன்மா!"

"போன தடவையும் இதேதான்டா சொன்னீங்க!" என்று பேக்கரிக்காரர் வந்து குறுக்கே நின்றார். அவர் பின்னால் தெருவே திரண்டது.

அந்த ஆள் சட்டைக்குள் கையை விட்டான். "ஐயோ, எதையோ எடுக்கிறான்!" என்று யாரோ அலற, எங்கிருந்தோ பறந்து வந்த கல் வேன் கண்ணாடியை நொறுக்கியது. கையை வெளியே எடுக்க நேரமில்லாமல் அவன் வேனுக்குள் பாய்ந்தான். பின்பக்கம் தார்ப்பாயால் மூடியபடி ஏதோ கட்டுக்கட்டாகக் கிடந்தது. உருட்டுக்கட்டையாகத்தான் இருக்கும் என்று பேக்கரிக்காரர் அடித்துச் சொன்னார்.

"நாளைக்கு என்ன ஆனாலும் என்னைக் குத்தம் சொல்லாதீங்க!" என்று கத்திக்கொண்டே அவன் வண்டியைக் கிளப்பினான்.

"நாளைக்கு வந்துதான் பாரேன்!" என்று தையல்காரி கத்தரிக்கோலை ஆட்டினாள்.

அப்படி மிரட்டிவிட்டுப் போனவன் சும்மா இருப்பானா? மறுநாள் வியாழக்கிழமை யாரும் வேலைக்குப் போகவில்லை. பேக்கரி அடுப்பு பற்றவில்லை. தெருவின் இரண்டு முனையிலும் பெஞ்சும் தண்ணீர் டிரம்மும் போட்டு அடைத்துவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருந்தார்கள். பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டினார்கள்.

மத்தியானம் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். தூரத்தில் நின்று கையை ஆட்டி ஏதோ கத்தினார்கள். இங்கே போட்ட கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. நாலு கல் பறந்ததும் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

பொழுது சாய்கிறவரை தெருவுக்குள் ஒரு ஈ, காக்காய் நுழையவில்லை. தையல்காரிக்கு அன்றைக்குத்தான் மூச்சே சீராக வந்தது. மகளைக் கட்டிக்கொண்டு, "இனிமே பயமில்லடி" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தெருவே குளித்து, இருப்பதில் நல்லதாக உடுத்திக்கொண்டு கிளம்பியது. ஊன்றுகோலோடு நடந்தவர்களும் உண்டு, கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. எல்லாருக்கும் முன்னால் தையல்காரி, ஒரு கையில் கார்டு, மறு கையில் மகள்.

பள்ளிக்கூடத்து கேட் பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்து உலுக்கியதும் காவலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தார்.

"என்னம்மா, இவ்வளவு கூட்டம்?"

"ஓட்டுப் போட வந்திருக்கோம்ண்ணே. ஆலை வரப்போற நிலத்தை ஒட்டின தெரு. ஒரு வீடு பாக்கியில்ல, எல்லாரும் வந்துட்டோம், பாத்துக்குங்க!" என்றாள் தையல்காரி பெருமையாக.

காவலாளி வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். அவர் கை சாவியைத் தேடவில்லை.

"நேத்து பூரா திறந்தே வெச்சிருந்தோம், உங்க தெருவுல ஒருத்தர்கூட வரலையேம்மா!"