நாலெழுத்து இங்கிலீஷ்

"டி, எச், இ, ஆர். இந்த நாலு எழுத்துல முடியுத வார்த்தைய இன்னிக்குப் பாப்போம். ஃபாதர்னா அப்பா. மதர்னா அம்மா. ஃபெதர்னா இறகு. அனதர்னா இன்னொருத்தர்" என்றாள் பக்கத்து வீட்டுக் குழல்வாய்மொழி டீச்சர்.

சைதூன் பீவி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். கல்யாணமான மறுமாதமே பினாங்குக்குக் கப்பலேறிய கணவன் இன்றுவரை ஊர் திரும்பவில்லை. வருஷக்கணக்காக அந்த வீட்டில் அவள் குரல் மட்டும்தான்.

"ஒருவழியா மாப்பிள்ள கூப்பிட்டுட்டாக! இங்கிலீஷ் தெரியாமப் போனா அங்கன முழிக்கணும்லா" என்று டீச்சர் சிரித்தாள்.

சைதூன் பீவி தலையைக் குனிந்துகொண்டு, "அடுத்தத சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

வெள்ளிக்கிழமை தென்காசி ஸ்டேஷனில் சாரல் அடித்தது. வழியனுப்ப வந்த டீச்சர், "பெட்டி எங்கட்டி?" என்று கேட்டாள்.

"நான் எங்கயும் போகல டீச்சர். அங்கன அவுக கட்டினவ மவுத்தாயிட்டாளாம். பிள்ளய வளக்க ஆளில்லன்னு இங்கன அனுப்புதாக. அதுக்குத் தமிழ் தெரியாதாம்."

டீச்சர் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

ரயில் வந்தது. பினாங்கிலிருந்து வந்த ஊர்க்காரர் ஒருவர் ஏழெட்டு வயதுப் பெண்ணை இறக்கிவிட்டுப் போனார். குளிரில் நடுங்கிய பிள்ளை, ரயில் பெட்டியைத் திரும்பிப் பார்த்தபடி மளமளவென்று ஏதோ கேட்டது. சைதூன் பீவிக்குப் பிடிபட்டது ஒரே வார்த்தை: ஃபாதர்.

அவளும் அந்தப் பெட்டியின் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இறங்கவில்லை.

போர்த்தியிருந்த துப்பட்டியை விரித்துப் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வரலம்மா" என்றாள், தமிழிலேயே.