பள்ளம் விழாத தலைக்கவசம்

பழங்கால வைக்கிங் வீரர்கள் போல வேடமிட்டு, இரண்டு அணிகளாகப் பிரிந்து விளையாட்டுச் சண்டை போடும் வைக்கிங் திருவிழாவில், கவசம் செய்யும் பொஜெனா போட்டிருந்த கடைக்கு ரிஷார்ட் தயங்கித் தயங்கி வந்தார். மூன்று வருடத்துக்கு முன் அவள் செய்து கொடுத்த தலைக்கவசம், புதுக் கருக்கு அழியாமல் அவர் கையில் இருந்தது.

"இதுல நாலஞ்சு பள்ளம் போட்டுக் குடு தாயே."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் பள்ளத்தை எடுக்கத்தான் அவளிடம் வருவார்கள்.

"எதுக்குங்க?"

"சாயங்கால விருந்துல எங்க அணியில கவசத்தைப் பார்ப்பாங்க. அடிபடாதவன்தான் அத்தனை பேர் பாத்திரமும் கழுவணும். மூணு வருஷமா நான்தான்!"

"சண்டையப்போ எங்க போய் ஒளிஞ்சுக்குவீங்க?"

"ஒளியுறதா? முன்வரிசையிலதான் நிக்கிறேன். கோடரியோட பாய்ஞ்சு வர்றவன், என்னைப் பார்த்ததும் பக்கத்து ஆளைப் போய் அடிக்கிறான்."

பொஜெனா இன்னும் குழம்பினாள். "உங்ககிட்ட அவ்வளவு பயமா?"

"என்கிட்ட இல்ல. எதிரணித் தலைவி என் பெண்டாட்டி. என் தலையில எவனும் கை வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. என் மேல அவ்வளவு பாசம்."

பொஜெனா ஒரு கணம் யோசித்தாள். "வீட்டுல பாத்திரம் யார் கழுவுறது?"

"அவதான். நான் தொட்டதே இல்லை. ஏன் கேக்குறே?"

பொஜெனா தலைக்கவசத்தைப் பளபளவென்று துடைத்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.