மருமகளின் ஓட்டு

"ஓட்டெடுப்புக்கு முன்னாடி ஒரு விஷயம். சேர்ந்து ஒரு வருஷம் ஆகாதவங்களுக்கு ஓட்டு கிடையாது."

செயலாளர் இப்படிச் சொன்னதும் தலைவிக்கு மூக்கு விடைத்துக்கொண்டது.

"புதுசா சேர்ந்தது என் மருமகள் ஒருத்திதான். அதை நேரா சொல்லேன்!"

"விதி எல்லாருக்கும்தான்."

"இத்தனை வருஷமா இந்த விதி எங்கே தூங்கிட்டிருந்தது?"

நியாயமான கேள்வி. எங்கள் மகளிர் மன்றத்தில் அந்த விதியை யாரும் சீண்டியதே இல்லை.

பின்பக்கத்து ஷட்டில் மைதானத்தை மூடிவிட்டு கார் நிறுத்த இடம் செய்யலாமா, கூடாதா? இதுதான் ஓட்டுக்கு வந்த விஷயம். தலைவிக்குக் கார். செயலாளருக்கு ஷட்டில்.

எங்களுக்கு மட்டும் என்னவாம்? இளவயதில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடிய இடம். வலையோரம் தள்ளுவண்டிகளில் குழந்தைகள் தூங்கும். ஒன்று அழுதால் ஆட்டம் நிற்கும். எட்டிப் பார்த்து, "என்னுது இல்லைப்பா" என்று மறுபடி மட்டையை எடுப்போம். தலைவியும் செயலாளரும் அப்போது பிரிக்க முடியாத ஜோடி. ஒருத்தி விட்ட பந்தை மற்றவள் பாய்ந்து எடுப்பாள். எப்படிச் சிரிப்பார்கள்!

"சீட்டுல எழுதிப் போடலாமே?" என்றாள் ஒருத்தி.

"நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு? எப்பவும்போல கையைத் தூக்குங்க" என்றாள் தலைவி.

மருமகள் தயங்கி எழுந்தாள். "ஆன்ட்டி, நான்..."

"நீ உட்காரும்மா. உனக்கு ஓட்டு இல்லை." வெடுக்கென்று வந்தது செயலாளரின் பதில்.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது.

"தோத்துடுவோம்னு பயம்."

"சின்னப் பொண்ணுகிட்டயா வீரம்?"

பின்வரிசை முணுமுணுப்பு செயலாளர் காதில் விழாமல் இல்லை. கல் மாதிரி நின்றாள்.

கைகளை எண்ணினால், இரண்டு பக்கமும் சமம். சமமானால் தலைவி சொல்வதே முடிவு. மைதானம் போயிற்று.

எல்லாரும் கலைந்த பிறகு செயலாளர் தனியாக வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் ஓடி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன் ஆன்ட்டி தடுத்தீங்க? என் ஓட்டு மைதானத்துக்குத்தான்னு நேத்தே சொன்னேனே! வீட்டை விட்டு நான் வெளியே வர்றதே இங்கே ஆடத்தான். என்னை விட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

வாசலில் கார் ஹாரன் அலறியது. "வர்றியா, இல்லையா?" தலைவியின் குரல்.

செயலாளர் அந்தப் பெண்ணின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஜெயிச்சதும் நான் என் வீட்டுக்குப் போயிடுவேன். நீ அவ வீட்டுக்குத்தானேம்மா போகணும்?"