அதே இடம்

கடல் கரையை எவ்வளவு தின்றிருக்கிறது என்று காட்ட, மாதந்தோறும் கரையைப் படமெடுத்து ஆய்வு மையத்துக்கு அனுப்பும் தன்னார்வலர் சவரிராயன். ஒரே நிபந்தனை, எப்போதும் அதே இடத்தில் நிற்க வேண்டும். முதல் மாதம் அவர் நின்றது காய்ந்த மணலில். இப்போது அங்கே கழுத்தளவு தண்ணீர். அவருக்கோ நீந்தத் தெரியாது.

கட்டுமரத்தில் போன சூசை, "சாரே, நாலடி பின்னால போனா கடலுக்கா தெரியப்போவுது?" என்றான்.

"அளவு கெட்டுப்போவும்லே."

"வாறியளா, இல்ல நான் வரட்டா?" என்று கரையிலிருந்து கத்தினாள் மனைவி மரியபுஷ்பம்.

அதற்குள் ஓர் அலை அவரை மூடியது. கைப்பேசி பிடித்த கை மட்டும் வெளியே நின்று படமெடுத்தது. படத்தில் மரியபுஷ்பம் சேலையை வரிந்துகட்டிக்கொண்டு கடலுக்குள் ஓடிவந்துகொண்டிருந்தாள்.

கரையில் அவள் அவர் தலையைத் துவட்டிவிடும்போது, அனுப்பிய படத்துக்கு மையத்திலிருந்து பதில் வந்தது. அவளிடம் மறைத்துப் படித்தார்: "படம் தெளிவாக இருக்கிறது. அடுத்த மாதம் யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளவும்."